நாலு நிமிஷம்

டர்பன் துறைமுகம். சர்க்கரைக் கிடங்கின் சுவரில்
அறுபதடி உயரத்துக்கு நாரைகள்.
துளையிட்ட தகரம், பின்னால் விளக்கு.
வயர் இழுத்தது நானும் தெம்பலானியும்.
"நிழல்தான் சிற்பம், தகரம் வெறும் சாக்கு"
என்றாள் கேப்டவுனிலிருந்து வந்த சிற்பி.
எங்களுக்குக் கூலி தகரக் கணக்கில்.

எட்டு மணிக்குத் திறப்பு.
எட்டு அடிக்க, லோட் ஷெட்டிங்.
நாரைகள் பறக்கக்கூட இல்லை,
இல்லாமல் போயின.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்புறம்
உம்லாசி போகிற டாக்சிக்காரன் ஒருத்தன்
ஹெட்லைட்டைப் போட்டான்.
சுட்ட சோளம் விற்பவள், கூடையோடு
வண்டிக்கு முன்னால் சும்மா குறுக்கே போனாள்,
போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள்:
சுவரில் அவள், கிடங்கு கொள்ளாமல்.
கையிலிருந்த கதிர் கிரேன் உயரம்.
அதை மெல்ல ஆட்டினாள்.
ஒரு பையன் விரல்மடக்கி நாய் விட்டான்.
இருட்டில் யாரோ அதற்குக் குரைத்தார்கள்.

"ஜெனரேட்டர் என்னாச்சு?" சிற்பி ஓடிவந்தாள்.
"பார்க்கிறேன் மேடம்."

டீசல் நிறைய இருந்தது.
சாவி என் சட்டைப்பையில்.
தெம்பலானிக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு
இரண்டு கையும் வேலையாயிருந்தது,
யானைக்குக் காது வைப்பதில்.