நிமிடத்துக்கு நூற்றிருபது

சிறுவழக்கு நீதிமன்றத்தில் பதினொரு வருடமாகச்
சுருக்கெழுத்து எழுதுகிறேன்.
நிமிடத்துக்கு நூற்றிருபது சொல்,
தேர்வில் கேட்ட வேகம் அது.
என் மண்டைக்குள் இருப்பவர்
அதையும் தாண்டிப் போவார்.
மூச்சு வாங்கமாட்டார், முற்றுப்புள்ளி வைக்கமாட்டார்.
கடைசி மின்ரயில் சைதாப்பேட்டையைக் கடந்ததும்
தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்:

தண்ணீர் மோட்டாரை அணைத்தாயா
மார்ச்சுக்குள் பெரியவளுக்கு ஃபீஸ்
காலையில் குமுதவல்லி ‘ம்’ என்றாளே, என்ன ‘ம்’ அது
காதுக்குப் பின்னால் அந்தக் கட்டி
பட்டாணி அளவா கொண்டைக்கடலை அளவா
பதினாறு வருடம் முன்னால் பாரிமுனை பஸ்ஸில்
காலை மிதித்தவனிடம் நீ ஏன் மன்னிப்புக் கேட்டாய்

விரல் சும்மா இருக்காது.
போர்வைக்கு அடியில், தொடைமேல்
கோடும் வளைவும் புள்ளியுமாய்
அத்தனையையும் எழுதிக்கொண்டே இருக்கும்.
பக்கத்தில் படுத்திருப்பவர் ஒருமுறை
“கொசுவா?” என்று கேட்டார்.

மூச்சை எண்ணு என்றாள் பதிவறை மெஹருன்னிசா.
எண்ணினேன். பதினான்கு வந்ததும்
வாடகை பதினான்காயிரம் ஆகப்போவது ஞாபகம் வந்தது.
அதற்குமேல் எண்ணியதெல்லாம் ரூபாய்.
சுடரைப் பார் என்றார்கள். பார்த்தேன்.
சிலிண்டர் புக் பண்ணவில்லை.
அதட்டியும் பார்த்தாயிற்று.
“சைலன்ஸ்! சைலன்ஸ்!” என்று டவாலி கத்துவதுதான்
எங்கள் கோர்ட்டிலேயே பெரிய சத்தம்.

போன வியாழன், ஒரு விபத்து வழக்கு.
சாட்சி எத்திராஜுலு, மீன்பாடி வண்டி ஓட்டுபவர்.
“லாரி வரும்போது உங்கள் பையன்
எந்தப் பக்கம் நின்றான்?”
எழுதினேன்.
பேனாவைத் தாளிலிருந்து ஓர் அரிசி உயரம் தூக்கிப் பிடித்துக்
காத்திருந்தேன்.
அவர் சொல்லவில்லை.
வக்கீல் மறுபடி வாயெடுக்க
நீதிபதி கையைக் காட்டினார், இருக்கட்டும் என்று.

எழுத ஒன்றுமில்லை.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டக் என்றது.
யாருடைய குடையிலிருந்தோ தரையில் நீர் சொட்டியது.
துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாய் ஊதி ஓய்ந்தது.
எல்லாம் கேட்டது.
எதையும் எழுதச் சொல்லவில்லை யாரும்.
மண்டைக்குள் இருப்பவர்கூட
எத்திராஜுலுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் இடது கையைத் தூக்கிக்
காற்றில் ஓரிடத்தில் வைத்தார்,
ஒரு பையனின் தோள் இருக்கும் உயரத்தில்.
நீதிபதி சொல்ல எழுதிக்கொண்டேன்:
சாட்சி தன் இடப்பக்கத்தைச் சுட்டுகிறார்.

அடுத்தவர் துக்கத்தில் போய் ஓய்வெடுத்தாயே என்று
அன்றிரவு எனக்கு ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை.
அதையும் விரல் விடாமல் எழுதியது.
எழுதட்டும் என்று கிடந்தபோது
தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று
எனக்கு அப்போதுதான் உறைத்தது:
சுருக்கெழுத்தைப் பெயர்த்து டைப் அடிக்காவிட்டால்
அது வெறும் கீறல்.
நாலு நாள் போனால்
எழுதியவளுக்கே புரியாது.

இப்போது அவரை நான் தடுப்பதில்லை.
சொல்கிறார், கீறுகிறேன்.
பெயர்த்து எழுதுவதில்லை, அவ்வளவுதான்.
படிக்க ஆளில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ,
சில இரவு
கட்டி என்று தொடங்கிவிட்டு
அடுத்த சொல்லுக்கு நிற்கிறார்.
விரலைத் தூக்கிக்கொள்கிறேன்.
ஓர் அரிசி உயரம்.

நேற்று அப்படி நின்றது வெகுநேரம்.
ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில்
சொட்டுச் சொட்டாய் ஏதோ விழும் சத்தம்.
மழை போலிருக்கிறது என்று
கேட்டுக்கொண்டே கிடந்தேன், சுகமாக.
பிறகுதான், மோட்டார்.

மாடித்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
படியிறங்கிப் போய் அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் காதுக்குத் தெரிந்தது
எவ்வளவு சத்தத்துக்குள் படுத்திருந்தேன் என்று.