அங்குலத்துக்கு ஏழு

புளூம்ஃபொன்டைனிலிருந்து வந்த விலைப்பட்டியலில்
உளிகளுக்கு மட்டும் நான்கு பக்கம்.
இரண்டு பல், நான்கு பல், ஆறு பல்.
பல்லுக்கும் பல்லுக்கும் இடையே
மூன்று மில்லிமீட்டர், மூன்றரை, நான்கு.
ஒரு முள்சக்கரமும் உண்டு,
உருட்டினால் புள்ளி வைத்துக்கொண்டே போகுமாம்.
படத்தில் எல்லாமே பளபளக்கின்றன
ஒரு குதிரையையும் பார்த்திராதவை போல.

என்னிடம் மூன்று உளிகள்,
ஒரு கவராயம்,
பிடியில் டேப் சுற்றிய ஒரு குத்தூசி.
செமொன்கொங்கில் இது பெரிய கடை.

புதன்கிழமை மொகெத்தி வந்தான்,
சேணம் தோளில்.
வாசலில் போர்வையை உதறினான்,
பனித்தூள் என் மெழுகு நூல்மேல்.
"சனிக்கிழமை பந்தயம், புசெலெட்சோ.
இடப்பக்கக் கச்சை வார் அறுந்துவிட்டது.
வலப்பக்கத்தை மசேருவில்
மெஷினில் தைத்துத் தந்தார்கள்,
பார், கோடு போட்ட மாதிரி."
பார்த்தேன்.
கோடு போட்ட மாதிரிதான்.

வார் புதிது,
அது போய்ச் சேரவேண்டிய பட்டை பழையது.
நூல் போன பிறகும்
வாய் மூடாத ஐம்பத்தாறு துளைகள்.
அவற்றுக்கு நடுவே இன்னொரு வரிசை குத்தினால்
தபால்தலை ஓரம் போலக் கிழியும்,
மூன்றாவது திருப்பத்தில்,
அவன் முழு எடையும் இடப்பக்கம் சாயும்போது.

நான்கு மில்லிமீட்டர் உளியை வைத்தேன்.
முதல் பல் இறங்கி உட்கார்ந்தது.
ஐந்தாவது துளைக்கு வரும்போது
பல் வெறும் தோலில் நின்றது.
மூன்று, அதற்கு முன்பே தடுமாறியது.
மூன்றரை நல்ல பிள்ளை,
பத்து வரை பொறுத்துப்போய்,
பதினான்கில் கைவிட்டது.

தையல் டேப்பைத் திருப்பிப் போட்டேன்.
அங்குலத்துக்கு ஏழு.
மில்லிமீட்டரைக் கேள்விப்படாத கை.
இருக்கைக்கு அடியில் ஒரு முத்திரை,
ஏதோ ஆங்கில ஊர்,
முதல் இரண்டு எழுத்துகளைத் தேய்த்துத் தின்றிருந்தது
யாருடைய தொடையோ.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
ஒவ்வோர் ஏழிலும் ஐந்தாவது துளை
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது.
எட்டுமுறை. அதே ஐந்தாவது.
ஆக, உளியில் ஒரு பல் வளைந்திருந்தது.
கீழே போட்டானா,
இரவல் கொடுத்துத் திரும்பி வந்ததா,
வாங்கும்போதே அப்படியா?
தெரிந்தேதான் அடித்தானா?
கூலி நாளுக்கு முந்தின நாளாக இருந்திருக்கும்.
அந்த வாரத்தில் நானும் புது உளி வாங்கமாட்டேன்.

விலைப்பட்டியலில் தேடினேன்.
அங்குலத்துக்கு ஏழு, எட்டுப் பல்,
ஐந்தாவது வளைந்தது:
இல்லை.

உளிகளைத் துணியில் சுருட்டிவைத்தேன்.
குத்தூசியை எடுத்தேன்.
பழைய துளை வழியே நுழைத்து
புது வாரில் ஒரு புள்ளி.
எடு. நகர்த்து. நுழை.
ஐந்தாவதில் மணிக்கட்டு தானாக நேரே போனது,
இழுத்துப் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன்.
கோணலாகக் குத்துவதற்கு
இத்தனை கவனம் வேண்டுமென்று
எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.
பாரஃபின் அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்தது.
பதினொன்றரைக்கு ஐம்பத்தாறாவது.

வெள்ளிக்கிழமை மொகெத்தி வாரைத்
தலைகீழாகத் தொங்கி இழுத்துப் பார்த்தான்.
பிறகு கட்டைவிரலால் தையலை வருடினான்.
விரல் நின்றது.
"இங்கே கோணல்."
மறுபடி நின்றது.
"இங்கேயும்."
சொல்லலாம் என்று வாயெடுத்தேன்,
எங்கிருந்து தொடங்குவது,
ஆங்கில ஊரிலிருந்தா, ஏழிலிருந்தா?
பத்து மலோட்டி குறைத்துக்கொண்டேன்.
அவனுக்கு ஒரே சந்தோஷம்.

சாம்பல் குதிரை மூன்றாவதாக வந்ததாம்.
சேணத்தைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
அதைவிடப் பெரிய பாராட்டு
எங்கள் தொழிலில் கிடையாது.

ஆர்டர் தாளில் இன்னும் எழுதவில்லை.
எத்தனை பல் என்று ஒரு கட்டம்,
எவ்வளவு இடைவெளி என்று ஒரு கட்டம்.
மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தால்
நிரப்பியிருப்பேன்.
இப்போதைக்கு
குத்தூசிக்குப் புது டேப் ஒரு சுருள்.