கீழே ஓடும் வரி

நீடாமங்கலம் கேபிள் ஆபீசில்
கீழே ஓடும் வரிகளை அடிப்பவன் நான்.
அறுவடை மெஷின் வாடகைக்கு.
சம்பா விதைநெல், கோரையாற்றுப் பாலம் அருகில்.

எட்டரைக்கு, பகலில் ஓடிய அதே குடும்பச் சிரிப்புத் தொடர்.
மாமா சிகரெட் பற்றவைத்தால்
புற்றுநோய் என்று தானாக எழுத்து வரும்.
அத்தையின் கன்னத்தில் அறை விழுந்தால்
சிரிப்புச் சத்தம் மட்டும்.

நேற்று மெஷின்காரர் விளம்பரத்துக்குள் செருகினேன்:
அடுத்த காட்சியில் ஒரு பெண்ணை அடிப்பார்கள். சிரிப்பார்கள்.
எழுந்து போக விரும்புபவர் போகலாம்.

மெஷின்காரர்தான் முதலில் கூப்பிட்டார்,
"என் நம்பர் பாதியில நிக்குதே தம்பி."

பிறகு ஒரு தாழ்ந்த குரல்.
பின்னால் அதே சிரிப்பு.
"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே போடுங்க.
பெரியவ எழுந்து போயிடுறா.
சின்னவன்தான்,
அவங்கப்பா மடியில உக்காந்து
கைதட்டுறான்."