ரிமோட்டில் இல்லாத பொத்தான்

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
விடிய நாலு நாற்பது.
பேஸ்மென்டில் கணினியின் பொத்தானை அமுக்குகிறேன்.
எங்கோ ஒரு விசிறி இரைகிறது, பச்சை விளக்கு எரிகிறது,
மூன்று திரையும் கறுப்பு.

நடுவில் இருப்பது புதிது.
இடப்பக்கத்தது திரான்ஸ்கோனாவில் ஒருவர்
நாற்பது டொலருக்குத் தள்ளிவிட்டது.
வலப்பக்கத்ததை நெட்டுக்கு நிறுத்தியிருக்கிறேன்,
லொறிப் பட்டியல் ஒரே வீச்சில் தெரிய.
செட்டிங்ஸுக்குள் போய் இலக்கமிட்டவன் நானேதான்:
நடு ஒன்று, இடம் இரண்டு, வலம் மூன்று.

அந்த இலக்கமெல்லாம் விண்டோஸ் எழும்பிய பிறகுதான் செல்லும்.
அதற்கு முந்திய ஏழெட்டு நொடிக்கு
கணினிக்கு என்னையும் தெரியாது,
என் ஒன்று இரண்டு மூன்றும் தெரியாது.
இருட்டில் ஒவ்வொரு துளையாய்த் தடவி
ஆர் அங்கே என்று கேட்கும்.
முந்தி 'ஓம்' சொன்னவருக்கே
முழுக்கதையும் சொல்லும்.
புதுத்திரை கண் கசக்கி முடிப்பதற்குள்
பேச்சு முடிந்திருக்கும்.

மூன்று நாளாய் இதே கூத்து.
கோபத்தில் விசைப்பலகையை அறைவேன்,
எந்த அடிக்கோ இரங்கி எழும்பிவிடும்.
இன்று அறைந்தும் இரங்கவில்லை.

இடத்திரையின் வயரைக் கழற்றினேன். கறுப்பு.
வலத்திரையைக் கழற்றினேன். கறுப்பு.
நடுவை மட்டும் விட்டுப் பார்த்தேன்.
ராமை உருவி அழிறப்பரால் தேய்த்துச் செருகினேன்.
பிள்ளையாரையும் கூப்பிட்டேன்,
அவர் எந்தப் போர்ட்டில் இருக்கிறாரோ.

ஐந்து மணிக்கு டொரன்டோ கூப்பிடும்:
ரெஜைனா லொறி எங்கே?
ரெஜைனா லொறி எங்கே என்பது
இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது ஐயா.

மேலே கதவு திறந்தது.
சுகந்தினி அக்கா, வீட்டுக்காரி,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடிந்து
வந்து சப்பாத்துப் பனியைத் தட்டும் சத்தம்.
பிறகு படியில் காலடி. அது வழக்கமில்லை.
கையில் மின்கட்டண உறை.

"தம்பி, நாலு நாளா டிவி இதைத்தான் காட்டுது.
நான் வந்து போட்டா இதுதான் நிக்குது.
கொஞ்சத்தாலை தானாப் போயிடும்."

உறையின் பின்பக்கம்
ஒரு எழுத்துத் தவறாமல் பார்த்து எழுதியிருந்தா:
சிபியூ விசிறியில் பிழை.
தொடர எஃப் ஒன்னை அமுக்கவும்.

"ரிமோட்டிலை எல்லாத்தையும் அமுக்கிப் பாத்திட்டன்.
எஃப் ஒன் இல்லை."

அப்போதுதான் அந்த வெள்ளை வயர் கண்ணில் பட்டது.
கிரிக்கெட் இறுதியாட்டத்துக்கு அவவின் புருஷனும் நானும்
கூரைப் பலகையைத் துளைத்து
மேலே டிவிவரை இழுத்த இருபத்தைந்து அடி.
ஆட்டம் தோற்றது, வயரை மறந்துபோனோம்.
முந்தி 'ஓம்' சொல்லிக்கொண்டிருந்தது அந்த டிவி.
நான் மூன்று கறுப்புக்கு முன்னால் குந்தியிருக்க
என் கணினி தன் நோவை
மேல்மாடிச் சோபாவுக்குச் சொல்லியிருக்கிறது.
செய்தி இருந்தவவிடம் விசைப்பலகை இல்லை.
விசைப்பலகை இருந்தவனிடம் செய்தி இல்லை.

"அக்கா, ஒருக்கா மேலை போய் நில்லுங்கோ."
அமுக்கினேன்.
"என்ன தெரியுது?"
"எழுத்துப் போட்டுது!"
பிறகு, "நீலமா ஒரு யன்னல்!"
என் நடுத்திரையும் அப்போதுதான் சோம்பல் முறித்தது.
ரெஜைனா லொறி பிராண்டனில் நின்றது.

பின்னேரம் பெட்டியைத் திறந்தேன்.
விசிறியின் கழுத்தில் பஞ்சு,
பக்கத்து ட்ரையர் கக்கியது.
அதில் நீல நூல் ஒன்று, அவவின் யூனிஃபோர்ம்.
கவ்வியால் இழுத்தெடுத்தேன், வெகு நீளம்.
வெள்ளை வயரைக் கழற்றி
அந்தத் துளையில் நடுத்திரையைச் செருகினேன்.
இனி எதைச் சொன்னாலும் எனக்குத்தான் சொல்லும்.

அடுத்த விடிய, கூரைக்கு மேலிருந்து:
"தம்பி, இண்டைக்கு ஒண்டும் வரேல்லை."
"அது இப்ப இங்கைதான் வருது அக்கா."
"சரி."
சற்றுப் பொறுத்து,
"நல்லா இருக்குதோ?"
கணினியைத்தான் கேட்டிருப்பா.
ஓம் என்றேன்.