இருபத்திமூன்று ரோல்ஸ்

திட்டப் படிவத்தில் எட்டுப் பெட்டிகள்.
நோக்கம், இலக்குக் குழு, இடம், நேரம்…
கடைசியில் 'எதிர்பார்க்கும் மாற்றம்.'
அதுதான் மிகச் சிறிய பெட்டி.
ஒரு பொடியனின் காற்சட்டைப் பையில் கிடப்பதை
எழுதக்கூட அதில் இடம் காணாது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை,
பாசையூர்ச் சனசமூக நிலையம்,
பதின்மூன்று தொடக்கம் பதினாறு வயது.
'பேசப் பழகுவோம்' என்று பெயர் வைத்தேன்.
முதல் நாள் ஒருவரும் பேசவில்லை.
பதாகை மட்டும் சோளகத்தில் படபடத்தது.

கொழும்பில் பயிற்சி எடுத்து வந்த சூட்டில்
ஒரு விதியும் வைத்தேன்:
மூன்று கிழமை தொடர்ந்து வராவிட்டால் பெயர் வெட்டப்படும்.
சான்றிதழ் இல்லை,
மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் சீற்றும் இல்லை.

ஆறாம் கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
இருபத்திமூன்றாவது வரியில்
றொக்சன் என்ற பெயருக்கு நேரே ஆறு கையெழுத்து.
ஒன்று சாய்ந்து, ஒன்று நிமிர்ந்து,
ஒன்றில் ற, ஒன்றில் ர,
ஒன்று பச்சைப் பேனை.
முதலாவதைத் தவிர
மற்ற ஐந்தும் ஐந்து பேருடைய கை.
எனக்கு அவனுடைய முகமே நினைவில் வரவில்லை.

ஏழாம் கிழமை நான் ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணி எடுத்தது இருபத்திமூன்று ரோல்ஸ்.
எல்லாரும் தின்று முடிய
ஒன்று மிஞ்ச வேண்டும்.
மிஞ்சவில்லை.
டிலோஜா அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு
சைக்கிளை எடுத்தாள்.
கூடைக்குள் எண்ணெய்ப் பொட்டுப் பரவும் கடதாசியைப் பார்த்தபடி
பின்னாலேயே என் ஸ்கூட்டி.

நண்டுக் கொம்பனி.
தகரக் கூரை, ஐஸ் பெட்டிகள்,
ஈரச் சீமெந்தில் விறைத்த கால்கள்.
தாய் ஸ்ரெலா நண்டு பிரிக்க
அவன் நிறுத்துக்கொண்டிருந்தான்.
தீவுப் பக்கத்து நண்டு
மூன்று மணிக்குப் பிறகுதான் வந்து சேருமாம்.

டிலோஜா முந்திக்கொண்டாள்:
"மிஸ், அவனை வெட்டிப்போடாதேங்கோ.
இரவிலை நாங்கள் வந்து
எல்லாம் சொல்லிக் குடுக்கிறனாங்கள்."

எல்லாம் என்றால்?
தராசுக்குப் பின்னால், ஷொப்பிங் பைக்குள்,
நனையாமல், என் ஆறு கிழமைத் தாள்கள்.
'கோபம் வந்தால் என்ன செய்வாய்?'
என்ற கேள்விக்குக் கீழே எழுதியிருந்தான்:
நிறையைத் திரும்பவும் சரி பார்ப்பன்.

அன்றிரவு திட்டத்தை விரித்து
முதலில் விதியை வெட்டினேன்.
நேரத்தை இரவுக்கு மாற்றினால்
பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள்.
ஞாயிறென்றால் பூசை, பிறகு ரியூசன், பிறகும் ரியூசன்.
நேரம் அசையாது.
இடம் அசையலாம்.

முதலாளி ஜெயசீலன் தலையைச் சொறிந்தார்:
"சத்தம் போடப்படாது.
ஐஸ் பெட்டியிலை ஏறப்படாது."

படிவம் கேட்டது, இடம் மாறியதற்குக் காரணம்.
இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
'மண்டபத்தில் மின்விசிறி பழுது' என்றெழுதினேன்.
பொய்யும் இல்லை.
அது போன மாரியிலிருந்தே பழுதுதான்.

எட்டாம் கிழமை
நண்டு பிரிக்கும் பெண்களும் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.
இலக்குக் குழுவில் அவர்கள் இல்லை.
கோபம் என்றதும் பேசத் தொடங்கியது அவர்கள்தான்.
ஒருத்தி நுண்கடன்காரனைச் சொன்னாள்.
ஒருத்தி, சோற்றுத் தட்டை எறியும் மகனை.
மகன் இரண்டடி தள்ளி இருந்து
ஒரு நண்டு ஓட்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான்.
பிறகு அவனும் ஏதோ சொன்னான்,
தாயைப் பார்க்காமல், தாய்க்குக் கேட்கும்படி.
சத்தம் போட்டோம்.
ஐஸ் பெட்டியில் ஏறினோம்.

றொக்சன் வரவில்லை.
தகப்பன் நெடுந்தீவுப் பக்கம்
தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

முடிவில் பதிவேட்டைத் திறந்தேன்.
நண்டுத் தண்ணீர் பட்டு ஓரம் ஊறியிருந்தது.
இருபத்திமூன்றாவது வரி வெறுமையாய் இருந்தது.
அவனுக்காக ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.
டிலோஜாவைப் பார்த்தேன்.
"இனி ஏன் மிஸ்?" என்றாள்,
ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே.