நாள் வாடகை முந்நூறு

விசுவமடுச் சந்தியிலிருந்து
றெட்பானாப் பக்கம் வந்தால்
மூன்றாவது தகரக் கூரை என்னுடையது.
போர்டு இல்லை.
றில் மெசின் எண்டு கேட்டால் காட்டுவார்கள்.

கொடுக்கும்போது நிறையக் கதைப்பேன்.
சிலருக்கு அது பிடிக்காது.
"சாரத்தை இறுக்கி மடிச்சுக் கட்டு.
சால்வை தொங்கக் கூடாது.
பின்னலை முடி, தாலிக்கொடியை உள்ளுக்கு விடு.
கையுறை போடாதே,
சுத்துறது துணியைப் பிடிச்சால்
அடுத்ததாய் விரலைக் கேட்கும்.
கண்ணாடிக்குக் காசில்லை, ஆனால் திரும்பி வரவேணும்.
வயர்ச் சுருளை முழுசா அவிழ், பாதிச் சுருள் சூடேறும்.
ஈரக் கையோடை தொட்டியோ, பிறகு
என்னட்டை வராதே, வர ஏலாது."

பிட் மாற்றமுதல் பிளக்கைப் பிடுங்கு என்பேன்.
"சுவிட்ச் ஓஃப்பிலைதானே அக்கா?"
சுவிட்ச் வாய்ப்பேச்சு, தம்பி.
கழட்டின பிளக்தான் உறுதி.
காணி அலுவலாய் நாலு கந்தோர் ஏறினவர்களுக்கு
இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.
சக்குச் சாவியைப் பிளக்கடியிலேயே
கட்டி வைத்திருக்கிறேன்,
பிளக் கழன்றால்தான் சாவி சக்குக்கு எட்டும்.

நிலம் துளைக்க எண்டால் தரமாட்டேன்.
ஏன் எண்டு இங்கே ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிறு பின்னேரம் கழட்டுவேன்.
பழைய பேப்பர் விரித்து
காற்றுத் துவாரத்துக்குள் சைக்கிள் பம்பால் ஊதினால்
கிழமை முழுவதும் கொட்டுண்ணும்.
சாம்பல் நிறம், வீட்டுத்திட்டக் கல்:
யோகமலர் வீட்டுக் கக்கூஸ் சுவர்,
அவள் புருஷன் ஒற்றைக் காலில் எழும்ப
ஒரு பிடிகம்பி.
மஞ்சள், முதிரை:
யாரோ கதவுக்கு இரண்டாம் தாழ்ப்பாள் போடுகிறார்கள்.
பயம் புதிதா, கதவு புதிதா, கேட்கமாட்டேன்.

காபன் இரண்டையும் வெளியே எடுத்துப் பார்ப்பேன்.
உள்ளே நீலமாய்ச் சிணுங்கிய பொறி
செம்மஞ்சளாய்ச் சுற்றி ஓடினால்
காபன் தேய்ந்துவிட்டது.
மாற்றினால் சோடியாய் மாற்று.
ஒன்றை மட்டும் மாற்றுவது
ஒரு செருப்பு வாங்குவது மாதிரி.

வியாழன் மத்தியானத்துக்கு முன்னமே
பவிந்திரன் திரும்பி வந்தான்.
எட்டாம் நம்பர் பிட் பாதிதான் இருந்தது.
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
மகளுக்குக் கண்ணாடி மாட்டப் போனவன்.
"வயர் பாத்தன் அக்கா, பைப் பாத்தன்,
ரெண்டும் அந்தப் பக்கம் இல்லை."
"பிறகு?"
சட்டைப் பையிலிருந்து லொத்தர்த் துண்டில் சுற்றியதை எடுத்தான்.
விரல் கணு அளவு இரும்பு.
ஒரு பக்கம் துரு,
மறுபக்கம் என் பிட் உரசின புதுப் பளபளப்பு.
பழைய சுவர் அது. விழாமல் நின்ற ஒரே பக்கம்.
மேசன் மேலாலே பூசிவிட்டான்,
பதின்மூன்று வருஷமாய் மூன்று பெயின்ட்.

நான் பிட்டுக்குக் காசு எடுத்தேன்.
எடுக்காவிட்டால் அடுத்த பிட் யார் தருவது.
வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொப்பியில், "8 மி.மீ. ஒன்று, முறிவு"
என்றதற்குப் பக்கத்தில்
காரணம் எழுதும் கட்டத்தில்
"சுவர்" என்று எழுதினேன்.

அன்றிலிருந்து என் கதை இன்னும் நீளம்.
"முதல் சின்னப் பிட்டாலை மெல்லத் தொட்டுப் பார்.
இறுகினால் அழுத்தாதே,
மெசினோடை மல்லுக்கட்டாதே, விரலை விடு, நிக்கும்.
உள்ளுக்குக் கல்லாயும் இருக்கலாம்."
கல்லாயும் என்ற அந்த உம்மை
ஊர்க்காரருக்குப் போதும்.

அந்த ஞாயிறு ஊதும்போது
வெள்ளைத் தூளுக்குள்
செம்பழுப்பாய் ஒரு சிட்டிகை.
வழமையாய் வாழையடியில் கொட்டுவேன்.
பேப்பரை மடித்துக் கையில் வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு மூடியைப் பூட்டி, ஸ்குரூ நாலும் இறுக்கி,
சும்மா ஒரு நிமிஷம் ஓடவிட்டேன்.
சத்தம் சுத்தம்.

திங்கள் விடிய ஆறரைக்கு
படலைக்கு வெளியே ஆரோ:
"அக்கா, மெசின் இருக்கோ?"
"இருக்கு. முதல்
சாரத்தை மடிச்சுக் கட்டு."