நூறில் இல்லாத கேள்வி

சூ ஃபால்ஸிலிருந்து ஒமாஹாவுக்கு மூன்று மணி நேரம்.
விடியுமுன்பே கிளம்பிவிட்டோம்.
இஸ்திரி போட்ட கிடானேயின் கோட்டு
பின் இருக்கை ஹேங்கரில் ஆடிக்கொண்டு வந்தது
எங்களோடு மூன்றாவது விண்ணப்பதாரர் போல.

அறுத்து முடித்த சோளக் காடுகள்.
அவன் ஓட்ட நான் கேட்டேன்.
செனட்டர்கள் எத்தனை பேர்,
கொடியில் பதிமூன்று கோடுகள் எதற்கு.
பன்றிக்கறி ஆலையில்
கத்திக்குச் சாணை பிடிக்கும் இடைவேளைகளில்
எட்டு மாதம் உருப்போட்ட நூறு கேள்விகள்.
அவனுக்குக் கேள்விகூட வேண்டாம், எண் போதும்.
எண்பத்தெட்டு என்பேன்,
மிசௌரி என்பான்.
அந்த மிசௌரி எங்கள் வலப்பக்கம் எங்கோ
இருட்டில் போய்க்கொண்டிருந்தது,
எங்களைச் சட்டை செய்யாமல்.

என்னை முதலில் அழைத்தார்கள்.
அதிகாரி பெயர் நோவாசெக்.
மேசைமேல் இருமல் மிட்டாய் டப்பா.
வலது கையை உயர்த்தச் சொன்னார், உயர்த்தினேன்.
வேறு பெயர் ஏதும் உண்டா?
அக்பரெத்தான் என் பெயர்,
ஆலையில் பெர்ட்டி என்கிறார்கள்.
அது பெயரில்லை, சோம்பல் என்றார், சிரிக்காமல்.
அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.
பிறந்த நாள் ஜனவரி ஒன்று,
அகதி முகாம் எழுத்தர் போட்டது.
அவர் நம்பினாரோ என்னவோ,
நானே நம்பியதில்லை.
ஆறாவது கேள்வி, நீளமான நதி.
பதிலோடு கையும் சன்னல் பக்கம் நீண்டுவிட்டது.
போதும் என்றார்.

பிறகு கிடானே போனான்.
எனக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது.
அவனுக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் கதவு திறக்கவில்லை.
எதிரே ஒரு கியூபாக்காரர்
ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

கையில் ஒரு தாளோடு வந்தான்.
'இன்று முடிவெடுக்க இயலவில்லை'
என்ற கட்டத்தில் நீல மை.

காரில் உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பவில்லை.
எத்தனை சரி?
ஆறுக்கு ஆறு.
பிறகென்ன?

சிறையில் காவல் நின்றதுண்டா என்று கேட்டார்.

படிவத்தை நிரப்பியவள் நான்.
அந்தப் பக்கம் முழுக்க 'இல்லை' என்று
மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்தேன்,
அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.
அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பத்தொன்பது வருடம் ஒரே போர்வை.

பட்டாளத்தில் இருந்தபோது, என்றான்.
சாலையோரம் ஒரு கன்டெய்னர்.
உள்ளே ஒன்பது பேர்,
வெளியே நான். பதினாறு நாள்.
வெயிலேறினால் தகரத்தைத் தட்டுவார்கள்.
தண்ணீருக்கு.

கொடுத்தாயா?

ஒருநாள் கொடுத்தேன்.

வைப்பரில் ஒரு சோளச் சருகு சிக்கியிருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஒருநாளைச் சொன்னாயா,
மற்ற நாட்களைச் சொன்னாயா?

இரண்டையும்.
கையை உயர்த்தியாயிற்றே, அக்பரெத்.

மார்ச்சில் எனக்குச் சத்தியப்பிரமாணம்.
நீதிமன்றக் கூடத்தில் ஐம்பத்தொரு பேர்,
எங்களில் ஏழு பேர் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்.
பச்சை அட்டையை வாங்கி
காலணி டப்பா ஒன்றில் போட்டார்கள்.
விழுந்த சத்தமே கேட்கவில்லை.
பழைய அரசுகளைத் துறக்கிறேன் என்று சொல்லும்போது
விருந்தினர் வரிசையில் அதே கோட்டு.
அவன் உதடுகள் எனக்கு அரைச்சொல் முன்னால் போயின.
மனப்பாடம்.

வாசலில் வாக்காளர் பதிவு மேசை.
வெள்ளை முடிக்காரி ஒருத்தி
இரண்டு பேனாக்களை நீட்டினாள்.
எனக்கு இன்னும் விசாரிக்கிறார்கள் என்றான் கிடானே,
பேருந்து தாமதம் என்று சொல்வது போல.

கார்வரை நான் பேசவில்லை.
தொண்டை வறண்டிருந்தது,
அவ்வளவு உரக்கச் சொல்லியிருந்தேன் போல.
கதவைத் திறந்து, மூடியைத் திருகி,
தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

சற்று நேரம் அது அவன் கையிலேயே இருந்தது.

வாங்கிக் குடித்தேன்.